சீனத்தில் வாழ்ந்தோர் எழுதிய மூன்று நூல்கள்

வேற்று நாட்டைப் பற்றிய நூல்களை இருவகையாகப் பிரிக்கலாம். அந்நாட்டைக் கண்டுவந்தவர் எழுதியவை ஒரு வகை. அங்கு வாழ்ந்தவர் எழுதியவை மற்றொரு வகை. கண்டுவந்தவரின் நூலில் கட்டடங்களும் கடைவீதிகளும் உணவு வகைகளும் நிறைந்திருக்கும். வாழ்ந்தவரின் நூலிலோ அந்நாட்டு மக்களின் பேச்சு கேட்கும். ஆயினும் வாழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டுமே ஒரு நூலுக்குத் தகுதி தந்துவிடாது. முப்பது ஆண்டுகள் ஓரூரில் இருந்தும் அவ்வூராரின் வாசற்படியைத் தாண்டாதவர் உண்டு. ஆகவே எழுதியவர் அங்கு எவ்வாறு வாழ்ந்தார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கற்பிக்க மட்டுமே வந்தவராகவா, கற்கவும் வந்தவராகவா? சீனத்தில் வாழ்ந்த மூவரின் நூல்களை அண்மையில் அடுத்தடுத்துப் படித்தபோது, இவ்வினாவே அவற்றை அளக்கும் கோலாக நமக்கு அமைந்தது.

பொன்னமராவதியில் அமர்ந்துகொண்டு சீனத்தைப் பற்றிப் பேசுவானேன் என வாசகர் கேட்கலாம். கண்மாயையும் வானத்தையும் நம்பி வாழும் நம் வட்டாரத்து மக்கள், வணிகராயினும் கூலித் தொழிலாளராயினும், தலைமுறை தலைமுறையாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கடல் கடந்தவர்கள். சிங்கப்பூரின் நிலையான குடிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சீனர். இன்று அங்கு வேலை செய்யும் நம் இளைஞர்கள் சீனரோடு நாள்தோறும் பழகியே ஆகவேண்டும். கடல் கடந்தவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கு வீடுகள் எழுந்தன. பர்மாத் தேக்கு வந்து தூணாகவும் நிலையாகவும் நின்றது. அம்மக்களின் பாட்டும் கதையும் எவ்வளவு வந்தன? பூங்குன்றம் என்று அறிஞர் சுட்டும் மகிபாலன்பட்டி நமக்கு மிக அருகில் உள்ளது. எல்லா ஊரையும் தம் ஊராகக் கண்ட கணியன் பூங்குன்றனாரின் பெயரை மேடைதோறும் முழங்குகிறோம். உறவினர் என்று சொல்லிவிட்டு அவர் பேசுவதைக் கேளாதிருப்பது உறவாகுமா?

நாம் படித்த முதல் நூல், இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி 1595ஆம் ஆண்டில் சீன மொழியிலேயே எழுதிய நட்பைப் பற்றிய சிறு நூல். ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அதனைப் படித்தோம். இத்தாலி நாட்டின் மாச்செராத்தாவில் 1552இல் பிறந்த ரிச்சிக்கு நம் நாட்டோடும் தொடர்புண்டு. 1578இல் கோவாவுக்கு வந்த அவர், 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். 1582இல் மக்காவ் சேர்ந்து, மறு ஆண்டே சீனத்தின் உள்நாட்டில் குடியேறினார். முதலில் புத்த பிக்குகளைப் போல் உடுத்தியவர், அந்நாட்டில் மதிப்புப் பெற்றிருந்தோர் கற்றறிந்தோரே எனக் கண்டு, பின்னர் அறிஞர் உடைக்கு மாறினார். 1601இல் பெய்ஜிங் சென்று, 1610இல் அங்கேயே உயிர் துறந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் சீன மொழியைப் பயின்றபின் அவர் எழுதியது நட்பைப் பற்றியே என்பது எண்ணத்தக்கது. அரசன் குடி, தந்தை மகன், கணவன் மனைவி, மூத்தோன் இளையோன், நண்பன் நண்பன் என ஐவகை உறவுகளைச் சீனர் போற்றினர். அவ்வைந்தனுள் மேல் கீழ் இல்லாதது நட்பு ஒன்றே. அயல்நாட்டான் ஒருவன் அவ்வீட்டினுள் நுழையத்தக்க வாயிலும் அதுவே. கிரேக்க, உரோமைச் சான்றோர் நட்பைப் பற்றிக் கூறியவற்றை நூறு சிறு கூற்றுகளாக்கிச் சீனருக்கு அளித்தார் ரிச்சி. நட்பு முதல் கூடா நட்பு வரை ஐந்து அதிகாரங்களைத் திருக்குறளில் பயின்ற நமக்கு, இந்நூல் பழகிய வீட்டைப் போலவே இருக்கிறது. குறை ஒன்று சொல்லலாம். நண்பரைப் பற்றிய நூறு கூற்றுகளில், ரிச்சி சீனத்தில் பெற்ற நண்பர் எவருடைய முகமும் தெரியவில்லை. முகவுரையில் அரச குடும்பத்தவர் ஒருவர் அவரை விருந்தினராக ஏற்று நட்பைப் பற்றி வினவியதைச் சொல்வதோடு சரி.

ரிச்சியின் மாணவ மனத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. 1603இல் அவர் வெளியிட்ட 'விண்ணக ஆண்டவரின் மெய்ப்பொருள்' என்னும் நூலில் கன்பூசியரின் பழைய நூல்களை மதிப்போடு எடுத்தாளும் அவர், புத்த சமயத்தைக் கடுமையாக மறுக்கிறார். அறிஞர் வீட்டில் மாணவராய் அமர்ந்தவர், பிக்குகளின் மடத்தில் அவ்வாறு அமரவில்லை. இதே வினா நம் மண்ணிலும் எழுகிறது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழையும் வடமொழியையும் ஆழ்ந்து கற்றார்; துறவியின் காவியுடை ஏற்றார். தமிழ்த் திருச்சபை அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆயினும் அவர் உயர்சாதியினரின் திண்ணையில் அமர்ந்து கற்றபோது, அத்திண்ணையில் ஏற இயலாதோர் தெருவில் நின்றனர். பிறரிடம் கற்க வேண்டும் என்பதோடு, எவரிடம் கற்கிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இம்முயற்சிகள் பின்னர்ப் பெருந்தடையைச் சந்தித்தன. முன்னோர் வணக்கம் உள்ளிட்ட சீனச் சடங்குகளைக் கிறிஸ்தவர் கடைப்பிடிப்பதைத் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1742இல் முற்றாகத் தடுத்தார். 1744இல் நம் பகுதி மறைப்பணியின் வழக்கங்களுக்கும் அத்தகைய கட்டுப்பாடு வந்தது. சீனத்துக்கான தடை 1939இல்தான் பன்னிரண்டாம் பத்திநாதரால் தளர்த்தப்பட்டது. 2022 டிசம்பரில் ரிச்சி வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பெற்றார். ஒரு மாணவரின் பாடத்தை ஏற்றுக்கொள்ளத் திருச்சபைக்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் நூல் பெர்ல் பக் 1931இல் வெளியிட்ட 'தி குட் எர்த்'. நல்ல நிலம் என்பது பொருள். அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் மறைப்பணியாளரின் மகளான இவர், கைக்குழந்தையாகச் சீனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, சீன மொழி பேசி வளர்ந்தவர். 1938இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். வாங் லுங் என்னும் ஏழை உழவன், ஓலான் என்னும் அடிமைப்பெண்ணை மணந்து, பஞ்சத்தில் தெற்கு நகரத்துக்குச் சென்று பிழைத்து, மீண்டும் தன் நிலத்துக்கு வந்து செல்வனாவதே கதை. மழை பொய்த்த ஆண்டில் வெடித்துக் கிடக்கும் கண்மாயைக் கண்டவருக்கு இந்நாவலுக்கு உரை தேவையில்லை.

இதில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்த காட்சி ஒன்றுண்டு. பிழைக்கச் சென்ற நகரத்தில், வெள்ளையர் ஒருவர் வாங் லுங்கின் கையில் ஒரு தாளைத் தருகிறார். அதில் சிலுவையில் அறையுண்ட மனிதரின் படம். எழுத்தறியாத அவன் அதனைக் குடிசைக்குக் கொண்டுசெல்கிறான். இவ்வாறு தொங்கவிடப்பட்டவன் பெருங்குற்றவாளியாகத்தான் இருக்க வேண்டும் என முடிவு செய்கிறார் முதியவரான அவன் தந்தை. பிறகு ஓலான் அத்தாளை எடுத்துக் காலணியின் அடிப்பகுதிக்குள் வைத்துத் தைத்துவிடுகிறாள். அவளுக்கு அவமதிக்கும் எண்ணம் எள்ளளவும் இல்லை. அடி உறுதியாக இருக்கத் தாள் வேண்டும், அவ்வளவே. மக்களின் மொழியில் அமர்ந்து பேசாமல் வழியில் தாளைக் கொடுத்துவிட்டுப் போகும் நற்செய்திக்கு நேர்வதை, மறைப்பணியாளரின் மகளே இவ்வளவு அமைதியாகச் சொல்லியிருக்கிறார். 1932இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், தாம் பணிபுரியும் மக்களைத் தாழ்வாக எண்ணும் மறைப்பணியாளர்களை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். எதிர்ப்பு எழவே, மறு ஆண்டில் மறைப்பணிக் குழுவிலிருந்து விலகினார்.

ஓலானின் படைப்பே நாவலின் உயிர். பஞ்சத்தில் பிறந்த பெண்மகவு அவள் கையிலேயே மூச்சற்றுப்போவதை ஆசிரியர் கூச்சலின்றிச் சொல்கிறார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த தமிழகத்தில் இருந்துகொண்டு, இதைச் சீனத்துக் கொடுமை என்று தள்ளிவிட இயலாது. பின்னாளில் வாங் லுங், மனைவி ஆசையாய் வைத்திருந்த இரண்டு முத்துகளையும் மற்றொரு பெண்ணுக்காகக் கேட்டு வாங்கும் இடம், நூறு அறிவுரைகளுக்கு நிகர். குறை உண்டா எனில் உண்டு. ஆங்கில விவிலியத்தின் நடையை ஒத்த கனமான நடையில் எல்லாரும் பேசுவதால், உழவர் வீட்டின் கேலியும் சண்டையும் போதிய அளவு காதில் விழவில்லை.

மூன்றாம் நூல் தமிழில் வந்தது: 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை'. இந்திய அயலுறவுப் பணியில் சீனத்தில் வாழ்ந்த 'பயணி' என்னும் புனைபெயரினர், கவித்தொகை எனும் பழஞ்சீனத் தொகை நூலிலிருந்து தேர்ந்த பாடல்களைச் சீன மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கியிருக்கிறார். காலச்சுவடு பதிப்பகம் 2012இல் வெளியிட்டது. சீன மொழியைத் தமிழருக்கு அறிமுகம் செய்யும் நூலும் இவர் எழுதியுள்ளார். அலுவலுக்காகக் கற்ற மொழியைத் தாய்மொழிக்குக் கொடையாக்கிய இவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் வழியே வரும் சீனக் கவிதை இருமுறை வடிகட்டப்பட்ட காப்பியைப் போன்றது. இங்கு அவ்விடையீடு இல்லை.

கவித்தொகையில் 305 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 160, பல்வேறு நாடுகளின் மக்கள் பாடல்கள். ஏனையவை அரசவைப் பாடல்களும் வழிபாட்டுப் பாடல்களும். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு தோன்றியவை. பறவை, பழம், புல், ஆறு என ஓர் இயற்கைக் காட்சியை முதலில் வைத்து, அதன் நிழலில் மனத்தின் செய்தியைச் சொல்வது அவற்றின் முறை. உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழர் இம்முறையை எளிதில் இனங்காண்பர். பிற்காலக் கன்பூசிய உரையாசிரியர்கள், ஆணும் பெண்ணும் பாடிய காதற்பாடல்களுக்கு அரசியின் கற்பு, அமைச்சரின் கடமை எனப் பொருள் கூறினர். இனிமைமிகு பாடலைக் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உரிய அன்பாக வாசித்துப் பழகிய நாம் இதில் வியப்படையோம். உரை உயர்ந்ததே, ஆனால் உரைக்கு முன் பாட்டு இருந்தது.

இந்நூலின் துணைத்தலைப்பு கவித்தொகையைச் 'சீனாவின் சங்க இலக்கியம்' என்கிறது. தமிழ் வாசகரை உள்ளே அழைக்க இது நல்ல வாயில். ஆனால் அழைக்கப்பட்டவர் அங்கும் தம் வீட்டையே கண்டு மகிழ்ந்து திரும்பும் ஆபத்தும் உண்டு. கவித்தொகையில் ஐந்திணைப் பகுப்பு இல்லை. அதன் மக்கள் பாடல்களில் ஒரு செய்தி ஓரிரு சொற்கள் மட்டும் மாறி அடுத்தடுத்த பகுதிகளில் திரும்பத் திரும்ப வரும். பலர் கூடிப் பாடும் பாட்டின் அமைப்பு அது. இவ்வகையில் அப்பாடல்கள் குறுந்தொகையைவிட நம் வயலில் ஒலித்த நடவுப் பாட்டுக்கும், முற்றத்தில் ஒலித்த கும்மிக்குமே நெருங்கியவை என்பது நம் கருத்து. விளைச்சலைத் தின்னும் பெருச்சாளியென வரிகொள்வோரைச் சாடும் உழவரின் குரலும், மாதம் மாதமாக உழைப்பை எண்ணிச் சொல்லும் குரலும் அத்தொகையில் உள்ளன. அவற்றைச் சங்கத்துச் சான்றோரின் அவையில் வைப்பதினும் களத்துமேட்டில் வைத்துக் கேட்பதே பொருந்தும்.

மூன்று நூல்களையும் மூடிவைத்தபின் எஞ்சும் எண்ணம் ஒன்று. ரிச்சி கற்றறிந்தோரிடமும், பெர்ல் பக் உழவர் வீட்டுப் பெண்களிடமும், பயணி பழம்பாடல்களிடமும் கற்றனர். கற்ற இடங்களில் அவர்கள் நூல் ஒளிர்கிறது. கற்காது நின்ற இடங்களில் மங்குகிறது. பெந்தக்கோஸ்து நாளில் வந்திருந்தோர் அனைவரும் திருத்தூதரின் மொழியைக் கற்கவில்லை. அவரவர் தாய்மொழியிலேயே நற்செய்தி கேட்டது. மொழியைக் கடக்கும் உழைப்பு சொல்லவந்தவருடையது.

நம் அண்டையூரான கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார், உலகைச் சுற்றித் தாம் கண்டதை எளிய தமிழில் எழுதிவைத்தார். அவ்வழி அடைபட்டுவிடவில்லை. சிங்கப்பூரில் பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியோர் நம் பங்குகளில் பலர் இருக்கின்றனர். உடன் வேலை செய்த சீன முதியவர் மதிய உணவு வேளையில் சொன்ன கதை எது, அவர்தம் பிள்ளைகளைத் தூங்கவைத்த பாட்டு எது என்று அவர்களை எவரேனும் கேட்டதுண்டா? எவ்வளவு சம்பாதித்தாய் என்ற கேள்வியோடு நம் விசாரிப்பு முடிந்துவிடுகிறது. அடுத்த விடுப்பில் ஊர் வரும் இளைஞரிடம் இந்த இரண்டாம் கேள்வியையும் கேட்போம். அவர் சொல்வதை எழுதச் சொல்வோம். எழுத வராதெனில் நாம் எழுதி வைப்போம்.