தூக்குக் கயிறும் தொடை எலும்பும்

டாக்டர்களுக்கான புத்தகத்தை நாம் எதற்குப் படிக்க வேண்டும் என்பீர்கள். மாரிஸ் கிங் தொகுத்த 'ப்ரைமரி சர்ஜரி' இரண்டாம் பாகத்தை (ஆக்ஸ்ஃபோர்டு, 1987) புரட்டிப் பாருங்கள். ஸ்பெஷலிஸ்ட் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரியில் தனியாக மாட்டிக்கொண்ட டாக்டருக்காக எழுதியது. நடை கறார்: இதைச் செய், இதைச் செய்யாதே.

குழந்தைகளின் தொடை எலும்பு முறிவுக்கு வாருங்கள். கைக்குழந்தை என்றால் 'கேலோஸ் ட்ராக்‌ஷன்'. கேலோஸ் என்றால் தூக்குமரம். பெயர்தான் பயங்கரம். இரண்டு கால்களிலும் பிளாஸ்டர் ஒட்டி, கட்டிலுக்கு மேலே குறுக்குக் கம்பியில் கயிறு கட்டி நேராகத் தூக்கிவிடுகிறார்கள். பிருஷ்டத்துக்கு அடியில் கை நுழைய வேண்டும், அவ்வளவு. சுமார் மூணு வாரத்தில் எலும்பு கூடிவிடும். பெரிய பிள்ளைகளைப் படுக்கவைத்து, எடை கட்டி இழுக்க வேண்டும். ஆறு வாரம்கூட ஆகலாம். எலும்பு கொஞ்சம் குட்டையாகக் கூடினாலும் பரவாயில்லை. பத்து வயதுக்குள் என்றால், உடைந்த எலும்பு ஒரு சென்டிமீட்டர் போல அதிகம் வளர்ந்து சரிக்கட்டிவிடும்.

ஆனால் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் காலே போய்விடும். புத்தூர் கட்டுக்கும் இதே பாடம்தான். மூங்கில் பத்தையில் தப்பில்லை; இறுக்கிக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விரலைப் பார்க்க ஆளில்லாததுதான் தப்பு.

'எங்களுக்குத்தான் ஜிப்மர் இருக்கே' என்பார்கள் புதுச்சேரிக்காரர்கள். வாஸ்தவம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த எலும்பு விஷயத்திலும் உண்டு. ஐந்தாறு வயதுக்கு மேல், நான்ஸி நகர டாக்டர்கள் 1980-களில் பரப்பிய வளையும் கம்பியை எலும்புக்குள் செருகினால், சில நாளில் வீட்டுக்குப் போகலாம். அதற்கு ஆபரேஷன் தியேட்டரும் எக்ஸ்ரேயும் பழகிய கையும் வேண்டும். எல்லா ஊரிலும் இல்லை.

புத்தகத்தின் மேல் என் குறை இதுதான்: ஆஸ்பத்திரிக்கு என்ன செலவு என்று பார்க்கிற அளவுக்கு, வீட்டுக்கு என்ன செலவு என்று பார்க்கவில்லை. கயிறு மலிவுதான். கட்டிலருகே ஆறு வாரம் உட்காரும் அம்மாவின் தினக்கூலியை யார் கொடுப்பது? விழுப்புரத்துப் பக்கமிருந்து வந்தவள், வீட்டில் இன்னொரு குழந்தையை விட்டுவந்தவள், பாதியில் எழுதிக்கொடுத்துவிட்டுக் கட்டுக்காரரிடம் போனால், 'படிக்காத ஜனம்' என்று சொல்லாதீர்கள். அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இருந்தாலும் படியுங்கள், இணையத்தில் இலவசம். ஒன்றை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டு போட்ட பிறகு குழந்தையின் விரல் வெளுத்தாலோ, நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி தாங்காமல் அழுதாலோ, 'காலையில பார்த்துக்கலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.