பூக்களுக்கு நடுவே இரண்டு முள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் ‘சத்ராஸ்’ என்றார்கள். அங்கே அவர்கள் கட்டிய கோட்டையில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ஐரோப்பிய அரண்மனைகள் அந்தச் சரக்கின்மேல் பித்தாகிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. ஜெர்மானியப் பீங்கான் கடிகாரங்களின் கதை அந்தப் பித்தில்தான் தொடங்குகிறது.

சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் 1717-இல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டு, 151 சீனப் பீங்கான் கலங்களை வாங்கிக்கொண்டார். இத்தனைக்கும் பீங்கான் செய்யும் ரகசியம் அவருடைய ஆட்களுக்கே அப்போது தெரியும். அவரிடம் பணியாற்றிய சிர்ன்ஹவுஸ், பட்கர் இருவரின் சோதனைகள் 1708-ஐ ஒட்டிப் பலித்தன. 1710-இல் சாக்சனியின் மெய்சன் நகரக் கோட்டைக்குள் பீங்கான் ஆலை எழுந்தது.

அந்த ஆலையில் 1731-இல் சேர்ந்த சிற்பி கேண்ட்லர்தான் பீங்கானுக்கு உடலும் அசைவும் கொடுத்தவர். மாமல்லபுரத்துச் சிற்பி கல்லில் வேண்டாததைச் செதுக்கித் தள்ளுகிறார். மெய்சனில் வேலை நேர்மாறானது. தலை, கை, மடிப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அச்சில் எடுத்து, களிமண் குழம்பைப் பசையாகத் தடவிச் சேர்க்கிறார்கள். பூக்களைக் கையாலேயே இதழ் இதழாக உருட்டி ஒட்டுகிறார்கள். 1739-ஐ ஒட்டி அரசி மரியா யோசெஃபாவுக்காகக் கேண்ட்லர் உருவாக்கிய ‘பனிப்பந்து’ வேலைப்பாட்டில், கலம் முழுவதையும் குட்டிப் பூக்கள் மூடியிருக்கும்.

இப்படிச் சேர்த்ததெல்லாம் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகும்போது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். கடிகாரக் கூட்டுக்கு இது பெரிய சோதனை. இயந்திரம் நுழைய வேண்டிய வட்டத் துளை கொஞ்சம் கோணினாலும் பொருந்தாது. இதற்குக் கடிகாரக்காரர்கள் கண்ட வழி அழகானது. உருளை வடிவ இயந்திரத்தை முன்னும் பின்னும் பித்தளை வளையங்கள் பிடித்துக்கொள்ளும். வளையத்தின் விளிம்பு துளையின் பிசிறை மறைத்துவிடும். டயலைச் சுற்றி மின்னும் அந்த வளையம் அலங்காரம் மட்டும் அல்ல.

டயலைச் சுற்றி இருக்கும் உருவங்களிலும் காலமே பேசுபொருள். நான்கு பருவங்களும் நான்கு உருவங்களாக அமர்ந்திருப்பது இவ்வகைக் கடிகாரங்களில் அடிக்கடி காணும் அமைப்பு. வசந்தத்தின் கையில் பூ, கோடையிடம் கதிர்க்கட்டு, இலையுதிர் காலத்திடம் திராட்சை. குளிர்காலம் மட்டும் நெருப்பருகே ஒடுங்கியிருக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் வசதி படைத்த நடுத்தரக் குடும்பங்களும் இவற்றை விரும்பின. டிரெஸ்டனை அடுத்த போட்ஷாப்பலில் கார்ல் தீமே 1872-இல் தொடங்கிய ஆலை போலப் பல ஆலைகள் பூவும் குழந்தை உருவங்களும் நிறைந்த கடிகாரங்களைச் செய்தன. அடுக்களைச் சுவருக்கென்று தட்டு வடிவக் கடிகாரங்களும் வந்தன. அவற்றில் நீலக் காற்றாலையும் படகும் டச்சுப் பாணியில் இருக்கும். அந்த டச்சு நீலமோ சீனத்தைப் பார்த்துப் பழகியது.

பழைய கடிகாரம் ஒன்றைப் பார்க்க வாய்த்தால், முதலில் விரல் நுனிகளையும் இதழ் ஓரங்களையும் பார்க்க வேண்டும். எளிதில் உடைவது அங்கேதான். ஒட்டிப் பழுதுபார்த்த இடத்தில் பளபளப்பு மாறும். புற ஊதா ஒளியில் அது தனியாகத் தெரியும். மெய்சனின் அடையாளம் 1722 முதல் வரும் நீலக் குறுக்கு வாள்கள். அதைப் போலி செய்தவர்கள் ஏராளம் என்பதால், முத்திரையைவிட முகத்தின் தீட்டலையே நம்பலாம். இமையும் உதடும் ஒற்றை முடி போன்ற கோட்டில் உயிர்பெற்றிருந்தால் கை தேர்ந்தது.

நம் பக்கத்தில் ஐரோப்பியப் பீங்கானையும் பழங்கடிகாரங்களையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க, ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் நல்ல இடம். இரண்டுக்கும் அங்கே தனித்தனிக் கூடங்கள் உண்டு. பீங்கான் கூடத்தில் தொடங்கிப் பிறகு கடிகாரக் கூடத்துக்குப் போவது நல்லது.