அரிக்கமேட்டில் ரோமன் இடிபாடு இல்லை: வீலர் வைத்த தலைப்பைப் பற்றி ஒரு குறிப்பு

"அரிக்கமேட்டுல இருக்கிற ரோமன் இடிபாடுகளை ரயில்ல போய் ஒரே நாள்ல பார்த்துட்டு வர முடியுமா?" மரக்காணம் பக்கத்து ஆள் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. சுருக்கமான பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ரயில் நேரத்தைவிட, கேள்வியில் இருக்கும் 'ரோமன்' என்ற சொல்தான் அந்த நாளைக் கெடுக்கும். அந்தச் சொல் எப்படி வந்தது, அது எந்த அளவுக்குச் சரி என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் வழி. சென்னைக்காரர்களுக்குச் சிக்கல் இல்லை. புதுச்சேரிக்கு நேரடி வண்டி உண்டு. செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வழியாக விழுப்புரம் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பிப் புதுச்சேரி. விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879லேயே வந்துவிட்டது. ஆனால் மரக்காணத்திலிருந்து ரயிலில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வேடிக்கைதான். கடற்கரை ஓரமாக ரயிலே கிடையாது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி, கடலூர் என்ற பாதை பல ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது. எனவே மேற்கே திண்டிவனத்துக்குப் பேருந்தில் சுமார் 35 கி.மீ., தெற்கே விழுப்புரத்துக்கு ரயிலில் 37 கி.மீ., மறுபடி கிழக்கே 38 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகப் போனால் மொத்தமே 35 கி.மீ.தான். சதுரத்தின் மூன்று பக்கத்தைச் சுற்றி நாலாவது பக்கத்தைக் கடக்கிற கதை. எங்க ஊர்க்காரங்களுக்கு பஸ்தான், வேற வழியில்லை.

புதுச்சேரி நிலையத்தில் இறங்கி கடலூர் சாலையில் அரியாங்குப்பம் போய், காக்காயந்தோப்பு பக்கம் திரும்பினால் அரிக்கமேடு. ஆற்றங்கரை, மாமரம், தென்னை, காலடியில் செங்கல் துண்டும் பானை ஓடும். நிமிர்ந்து நிற்கும் ஒரே கட்டடம் ஒரு சிதைந்த செங்கல் சுவர்தான். வருகிற பாதிப் பேர் அதைத்தான் 'ரோமன்' என்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிறிஸ்தவ மிஷன் கட்டிய வீட்டின் மிச்சம். தோண்டிய பழைய கட்டடங்களெல்லாம் மண்ணுக்குள் மூடப்பட்டுவிட்டன.

ரோம் நகரத்திலிருந்து ஓஸ்தியாவுக்கும், நேப்பிள்ஸிலிருந்து பொம்பேய்க்கும் உள்ளூர் ரயிலில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இறங்கினால் தெரு, கடை, குளியல் கூடம், அரங்கம் எல்லாம் கண்முன்னே நிற்கும். அதே படத்தை மனதில் வைத்துக்கொண்டு அரிக்கமேடு வருகிறவர் ஏமாந்துதான் போவார். தப்பு அவர்மேல் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட சொல்மேல்.

அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் மார்ட்டிமர் வீலர். 1944ல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவரானவர், சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு மதுச் சாடியின் உடைந்த துண்டைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் பகுதியில் செய்யும் ஆம்போரா. அது வந்த இடத்தைத் தேடிப் புதுச்சேரி போனார். அங்கே ஏற்கெனவே ழூவோ-துப்ரேய் முதலானவர்கள் பொருள் சேகரித்திருந்தார்கள். 1945ல் தோண்டினார். 1946ல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழின் 2ஆம் எண்ணில் அறிக்கை வந்தது. தலைப்பு: "அரிக்கமேடு: இந்தியக் கிழக்குக் கரையில் ஓர் இந்தோ-ரோமன் வணிக நிலையம்".

அந்த அறிக்கையின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். மண் அடுக்குகளைப் பிரித்து, எந்த ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது என்று பதிவு செய்த ஒழுங்கு, அன்றைய தென்னிந்தியாவுக்குப் புதிது. இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதிப் பெயரால் வழங்கும் சிவப்பு மெருகுப் பாத்திரத் துண்டுகள் அங்கே கிடைத்தன. சிலவற்றில் விபியே, கமுரி, இட்டா என்று குயவர் முத்திரைகூட இருந்தது. அவை எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். எனவே அதே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் தேதி கிடைத்தது. எங்கள் தொழிலில் சொல்வதானால், தேதியே இல்லாத ஆயிரம் வரி லாக் ஃபைலில் ஒரே ஒரு வரிக்கு நம்பகமான டைம்ஸ்டாம்ப் கிடைத்த மாதிரி. அதை வைத்து முன்னும் பின்னும் எல்லாவற்றையும் அடுக்கிவிடலாம். இது பெரிய சாதனை. இன்றும் அப்படித்தான்.

சிக்கல் எங்கே? தேதி சொல்ல உதவிய பொருளையே ஊரின் அடையாளமாக ஆக்கிவிட்டார். டைம்ஸ்டாம்ப் இருந்த ஒரு வரியை வைத்து மொத்த புரோகிராமுக்கும் பெயர் சூட்டிய மாதிரி. தப்பான பெயர் வைத்த வேரியபிள் என்ன செய்யும் என்று கோட் எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். கணக்கு சரியாகவே இருந்தாலும், பின்னால் படிக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பெயரை நம்பித் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

வீலர் பின்னாளில் எழுதியதைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். அவர் காட்டும் படத்தில் ரோமன் சரக்கு வரும் முன் இங்கிருந்தவர்கள் எளிய மீனவர்கள். மீன், நெல், தென்னை, கள் என்று சாவகாசமாக வாழ்ந்தவர்கள். திடீரென்று எங்கிருந்தோ மதுவும் மெருகுப் பாத்திரமும் வந்து வாழ்க்கை மாறுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பலில் திரும்பிப் போன சரக்கை யார் சேர்த்தார்கள், யார் விலை பேசினார்கள், மணி கோத்தவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. அதே மேட்டில் தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. பானையில் பெயர் எழுதி வைத்துக்கொண்ட ஊர், சும்மா உட்கார்ந்து கப்பலுக்குக் காத்திருந்த ஊராக இருக்க முடியாது.

பின்னால் வந்தவர்கள் வைத்த தலைப்புகளைப் பாருங்கள். 1940களின் இறுதியில் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கசால், 1949ல் வெளியிட்ட நூலுக்கு வீராம்பட்டினம்-அரிக்கமேடு அகழாய்வு என்று ஊர்ப்பெயரைத்தான் தலைப்பாக வைத்தார். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனோடு சேர்ந்து தோண்டிய விமலா பெக்லி, தன் நூலுக்கு வைத்த பெயர் 'அரிக்கமேடு என்ற பழந்துறைமுகம்' என்ற பொருள் தருவது. அதன் முதல் தொகுதி 1996ல் வந்தது. 'ரோமன்' தலைப்பிலிருந்தே போய்விட்டது. காரணம் உணர்ச்சி இல்லை, தரவு. ரோமன் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, வீலர் கி.பி. 200 வாக்கில் முடித்துவைத்த ஊர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இயங்கியது. மத்தியதரைக் கடல் கைவேலை என்று வீலர் கருதிய, உள்பக்கம் சக்கரக் கோலம் போட்ட சாம்பல் நிறத் தட்டுகள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதுதான் இன்றைய முடிவு. அவை அநுராதபுரத்திலும், பாலித் தீவின் செம்பிரானிலும்கூடக் கிடைக்கின்றன. அதாவது இந்த ஊர் மேற்கே மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இன்னொரு எளிய சோதனை: திருப்பிப் போட்டுப் பார்ப்பது. 1938ல் பொம்பேயில் ஒரு வீட்டில் இந்திய யானைத் தந்தப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்காகப் பொம்பேயை 'இந்தோ-ரோமன் நகரம்' என்று யாராவது சொன்னார்களா? எகிப்தின் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. அதைத் 'தமிழ் வணிக நிலையம்' என்று தலைப்புப் போட்டால் ஒத்துக்கொள்வார்களா? மாட்டார்கள், ஒத்துக்கொள்ளவும் கூடாது. அதே அளவுகோல் நமக்கும் வேண்டும், அவ்ளோதான்.

வீலரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 'ரோமன்' என்ற முத்திரையை விரும்பிக் குத்திக்கொள்வது நாம்தான். "ரோமானியர்களே வந்த ஊர்" என்று சொன்னால்தான் ஊருக்கு மதிப்பு என்ற நினைப்பு, வரவேற்புப் பலகையிலிருந்து வாட்ஸ்அப் வரை இருக்கிறது. அதன் விளைவை நான் இருக்கும் கரையிலேயே பார்க்கிறேன். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'பெரிப்ளஸ்' இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே என்பது புதுச்சேரி-அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் பலர் கருதுகிறார்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினமும் மரக்காணமே என்பார்கள். 2005–06ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வும் செய்தது. ஆனால் 'ரோமன்' என்ற பட்டம் ஒட்டாததால், உப்பளத்தைப் படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறவர்களில் யாரும் இது பழைய துறைமுகமா என்று கேட்பதில்லை. பாத்தியில் உப்பு வாருகிறவருக்கும் அவர் நிற்கும் மண்ணைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஒரு சொல் ஓர் ஊருக்குக் கூட்டம் சேர்க்கிறது, 35 கி.மீ. தள்ளி இருக்கும் ஊரை மறைக்கிறது.

ஆக, போகிறவர்களுக்கு என் யோசனை இது. திங்கட்கிழமை வேண்டாம், புதுச்சேரி அருங்காட்சியகம் மூடியிருக்கும். ரயிலில் இறங்கியதும் நேராக மேட்டுக்குப் போகாமல் முதலில் அருங்காட்சியகம் போங்கள். அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆம்போராவுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்களோ, அதே நேரத்தை மணிகளுக்கும் உள்ளூர்ப் பானைகளுக்கும் கொடுங்கள். பிறகு வெயில் தாழ அரிக்கமேடு. காலடியில் கிடக்கும் ஓட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம். ஆற்றங்கரையில் நின்று "ரோமானியர் எங்கே இருந்தார்கள்?" என்று தேடுவதைவிட, "இங்கே கடை வைத்திருந்தது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். இடிபாடு இல்லாத குறை தெரியாது.