வாசகர் பேச்சும் இலக்கியத் திறனாய்வும்

ஒரு நாவலைப் படித்து முடித்து மூடி வைத்தவன், அடுத்ததாகத் தேடுவது அதே நாவலைப் படித்த மற்றொருவனை. 'படித்தீர்களா?' என்று தொடங்கும் அந்தப் பேச்சு, அலுவலகத்தின் மதிய இடைவேளையிலோ, பேருந்து நிறுத்தத்திலோ, நூலகத்தின் வாயிற்படியிலோ பத்து நிமிடம் நடந்து முடிந்துவிடுகிறது. அதனை எவரும் குறித்து வைப்பதில்லை. இலக்கிய வரலாறு எழுதுவோரும் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குவதில்லை. ஆயினும், தமிழில் திறனாய்வு என்று நாம் போற்றுவதன் வேர் அப்பேச்சில்தான் இருக்கிறது என்பதும், அவ்வேரில் ஈரம் வற்றினால் அச்சில் வரும் திறனாய்வும் வாடிப் போகும் என்பதும் என் கருத்து. அதனை இம்மலரின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இது புதிய கருத்தன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக் கொண்டாலும், மாணாக்கனுக்குக் கிடைப்பது கால் பங்கு புலமையே. உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் மட்டுமே கைகூடும். கூட்டிப் பார்த்தால் முக்கால் பங்கு புலமை, நூலையும் ஆசிரியரையும் விட்டு எழுந்து வந்த பிறகு, மற்றவரோடு பேசும் பேச்சில் விளைவதாகிறது. பள்ளியில் இந்த நூற்பாவைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது இதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அலுவலகத்தில் நண்பர்களோடு நூல்களைப் பற்றிப் பேசத் தொடங்கிய பின்னரே விளங்கியது.

இறையனார் களவியல் உரையின் தோற்றம் பற்றிய கதையை அன்பர்கள் அறிவர். அந்நூலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர்; எவ்வுரை மெய்யுரை என்று தெளிய வழியில்லை. ஐந்து வயதுள்ள ஊமைப் பிள்ளையாகிய உருத்திரசன்மனை இருத்தி, அவன் முன்னே உரைகளைப் படித்தார்கள். மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்தோறும் அவ்வாறே ஆயினான். அதனால் அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர் என்பது கதை. இதனைச் சுவைஞனின் முதல் வெற்றி எனக் கொள்ளலாம். ஆனால் அப்பிள்ளை ஊமை. தனக்கு ஏன் மெய் சிலிர்த்தது என்பதை அவனால் சொல்ல இயலாது. சுவை அங்கே இருக்கிறது, காரணம் இல்லை. காரணத்தைத் தருவது அவ்வுரையின் நடையே. ஒருவர் ஐயம் எழுப்புவது போலவும் மற்றொருவர் விடை சொல்வது போலவும் வினாவும் விடையுமாகவே அது நடக்கிறது. மேலும், நக்கீரர் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே சொல்லப்பட்டு, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை வந்த உரை அது என்று அந்நூலே கூறுகிறது. எழுத்தில் நாம் காணும் உரைநூல், ஒரு நீண்ட பேச்சின் ஏடு எனலாம்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். இரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டின் தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டி நடத்திய 'வட்டத்தொட்டி', தமிழகத்தில் வாசகர் பேச்சுக்குக் கிடைத்த பெருமைமிக்க மேடை. தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ்.மகராஜன் போன்றோர் அங்கே கவிதை கேட்டு வளர்ந்தவர்கள். கம்பனின் ஒரு பாட்டை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, சொல்லின் ஓசையும் பொருளும் கேட்பவர் உள்ளத்தில் தைக்கும்வரை டி.கே.சி. விடமாட்டார் என்பர். பண்டிதர் கையில் இலக்கணச் சான்றாகக் கிடந்த செய்யுளைச் சாதாரண மனிதர் நுகரும் பொருளாக்கியது அந்தத் தொட்டிப் பேச்சு.

அதன் குறையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்கள் பலவற்றைக் கம்பன் பாட்டே அல்ல என்று டி.கே.சி. ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச் சான்று காட்டுமாறு புலவர்கள் கேட்டபோது, சுவையையே சான்றாகக் காட்டினார். அன்பர் குழுவின் நடுவே இருப்பவருக்கு இவ்விடர் எளிதில் வரும். தலையசைப்போர் பெருகப் பெருக, 'எதனால்?' என்று கேட்போர் குறைந்துவிடுவர். உருத்திரசன்மன் கதையில் நாம் கண்ட குறையே இங்கும் வேறு உருவில் வந்து நிற்கிறது.

அக்கேள்வியைத் தமிழ்த் திறனாய்வுக்குள் மீண்டும் கொண்டுவந்த பெருமை, சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து' இதழுக்கு உண்டு. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக் கொண்டு வந்த இதழ் அது. அதில் எழுதித் திறனாய்வாளராக அறியப்பட்டவர் வெங்கட் சாமிநாதன். அவர் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிலிருந்து வந்தவர் அல்லர். ஒடிசாவின் ஹிராகுட் அணைக்கட்டுத் திட்டத்திலும், பின்னர் தில்லியிலும் மத்திய அரசுப் பணி பார்த்தவர். ஹிராகுட் நாள்களில் பல மொழி பேசும் நண்பர்களோடு புத்தகங்களையும் திரைப்படங்களையும் பற்றிப் பேசிப் பேசித் தாம் உருவான கதையைத் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அவர் முடிவுகள் சிலவற்றோடு நான் உடன்படவில்லை. எனினும், தமிழ்நாட்டுக்கு வெளியே கோப்புகளுக்கு நடுவில் இருந்துகொண்டே ஒருவர் தமிழிலக்கியத்தைப் பற்றிக் கூர்மையாகச் சிந்திக்க முடியும் என்பதற்கு அவரே சான்று. என் போன்ற எழுத்தர்க்கு அது சிறிய ஊக்கமன்று.

இனி, என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். அதில் பெருமைப்பட எனக்கு ஏதுமில்லை. தில்லிக்கு நான் பணிக்கு வந்த முதற்சில ஆண்டுகளில், குளிர்காலப் பகல்களில், தமிழர் ஐந்தாறு பேர் அலுவலகத்தின் முன்னுள்ள புல்வெளியில் வெயில் காய்ந்தபடி உணவருந்துவோம். ஒரு மணி முதல் ஒன்றரை வரை நேரம். டப்பாவை மூடியபின் வேர்க்கடலையைக் கொறித்தவாறே பேச்சு புத்தகங்களுக்குத் திரும்பும். ஒருநாள் தி.ஜானகிராமன் எழுதி 1966இல் வெளிவந்த 'அம்மா வந்தாள்' பற்றிப் பேச்சு எழுந்தது. அவரும் தில்லி வானொலியில் பணியாற்றியவர் என்பதால் எங்களுக்கு அவரிடம் தனிப் பற்று உண்டு. அந்நாவல் அதிர்ச்சிக்காகவே எழுதப்பட்டது என்றும், கட்டுக்கோப்பு இல்லாதது என்றும் நான் அடித்துப் பேசினேன்.

"எந்த இடத்தில், தம்பி?" என்றார் எங்களுள் மூத்தவர்.

"பொதுவாகச் சொன்னேன், சார்" என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. உண்மை யாதெனில், அந்நாவலில் ஐம்பது பக்கங்களுக்கு மேல் நான் படித்திருக்கவில்லை. என் தீர்ப்பு, எங்கோ ஒரு பத்திரிகையில் படித்த கட்டுரையிலிருந்து எடுத்தது. அன்று பிற்பகல் முழுதும் எனக்குக் கோப்பில் மனம் செல்லவில்லை. சனிக்கிழமை சங்க நூலகத்தில் அந்நூலை எடுத்து வந்து இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன்.

அடுத்த வாரம் பேச்சு மீண்டும் தொடங்கிற்று. கணவன் இருக்கச் சிவசுவோடு உறவு கொண்ட அலங்காரம், தன் பிழைக்குக் கழுவாயாக மகன் அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள். அவள் செய்தது சரியா தவறா என்பதுதான் இந்நாவலைப் பற்றி எங்கும் நடக்கும் வழக்கு. எங்கள் நடுவிலும் அதுவே நடந்தது. மூத்தவர் மட்டும் கணவன் தண்டபாணியைப் பற்றிக் கேட்டார்: "எல்லாம் தெரிந்தும் அந்த மனுஷர் ஏன் வாய் திறக்கவில்லை? அவருக்கு என்ன உத்தியோகம், கவனித்தீர்களா?" தண்டபாணி பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். கேட்டவரோ தட்டச்சராகப் பணியில் சேர்ந்து, முப்பதாண்டுகளுக்கு மேல் பிறர் வாசகங்களைப் பிழையின்றி அடித்துக் கொடுத்தவர். அவர் சொன்னார்: "மெய்ப்புப் பார்க்கிறவனுக்குப் பிழை முதலில் கண்ணில் படும். அச்சுக் கோத்தவன் செய்த பிழையை அவன் திருத்தலாம். எழுதினவனே செய்த பிழையில் கைவைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. என் மேசைக்கு வந்த வரைவுகளில் எத்தனையோ தப்பைப் பார்த்திருக்கிறேன். பார்த்தபடியே அடித்துக் கொடுத்திருக்கிறேன்."

அன்றுவரை தண்டபாணியை நான் ஒரு கையாலாகாதவராகவே எண்ணியிருந்தேன். வீட்டுக்குப் போய் நூலை மீண்டும் புரட்டினேன். அவர் பெரிய மனிதர்களுக்கு வேதாந்தம் சொல்லிக் கொடுப்பவரும்கூட. வேதாந்தத்தில் ஆன்மா என்பது சாட்சி. செய்பவன் அன்று, காண்பவன். மெய்ப்புத் தொழிலும் வேதாந்தப் பாடமும் அப்பாத்திரத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்பதை அப்போதுதான் கண்டேன். ஆசிரியர் தண்டபாணிக்கு எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். கொடுத்த வேலை அவர் மௌனத்திற்கு ஓர் உருவம் தருகிறது. கட்டுக்கோப்பு இல்லை என்று நான் பழித்த நாவலில் கட்டுக்கோப்பு இருந்த இடம் அது.

பேச்சு அத்தோடு நிற்கவில்லை. கணக்குப் பிரிவில் பணிபுரிந்த அம்மையார் ஒருவர் மறுநாள் இதனைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் ஞானி ஆகிவிடுகிறார். பாவம் முழுதும் அவள் தலையில் விழுகிறது. கடைசியில் காசிக்குப் புறப்படுகிறவள் அவள்தானே, சார்?" இதற்கு மூத்தவர் நெடுநேரம் யோசித்து, "நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, அம்மா" என்றார். தண்டபாணியின் மௌனம் பெருந்தன்மையா, அலங்காரத்தைத் தனியே தண்டனைக்கு விட்டுவிடும் கொடுமையா என்ற வினாவுக்கு நாவல் விடை கூறவில்லை. இரண்டுக்கும் அதில் இடமிருக்கிறது என்பதே என் துணிபு. தாய் சரியா தவறா என்று தீர்ப்பளிக்கும் வழக்கில் இவ்வினா எழுவதற்கே வழியில்லை. தட்டச்சர் ஒருவரும் கணக்கர் ஒருவரும் தத்தம் வாழ்விலிருந்து படித்ததனால் அது எழுந்தது.

வாசகர் பேச்செல்லாம் இவ்வாறு அமைந்துவிடும் என்று நான் கூறவில்லை. எங்கள் புல்வெளியிலும் பல நாள்கள் எந்த எழுத்தாளருக்கு எந்தப் பரிசு, யாருக்கும் யாருக்கும் பகை என்பதிலேயே அரைமணி நேரம் கரைந்திருக்கிறது. நூலைப் பற்றிய பேச்சும் ஆளைப் பற்றிய பேச்சும் ஒரே குரலில்தான் தொடங்குகின்றன. 'எந்த இடத்தில்?' என்ற கேள்வி வந்தவுடன் இரண்டும் பிரிந்துவிடும். நூலைப் பற்றிப் பேசுபவன் பக்கத்தைத் தேடுவான். மற்றவன் பேச்சை மாற்றுவான். இன்னொன்றும் வேண்டும். மூத்தவர் அம்மையாரிடம் ஒப்புக்கொண்டது போல, தான் காணாத பக்கம் ஒன்று உண்டு என்று ஏற்கும் மனம் வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் புல்வெளிப் பேச்சும் திறனாய்வே. இவை இல்லையெனில், அடிக்குறிப்புகள் நூறு கொண்ட ஆய்வேடும் அன்று நான் பேசியதைப் போன்ற கடன் வாங்கிய தீர்ப்பே ஆகும்.

பேச்சுக்கு ஒரு பெருங்குறை உண்டு: அது நிற்காது. மூத்தவர் ஓய்வு பெற்றுத் தஞ்சைப் பக்கம் போய்விட்டார். அம்மையார் மாற்றலாகிச் சென்றார். கோப்புகளெல்லாம் கணினிக்குள் போய்விட்ட இந்நாளில், குளிர்கால வெயில் அதே புல்வெளியில் விழுகிறது. உட்கார்ந்திருப்போர் அவரவர் கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். தண்டபாணியைப் பற்றி மூத்தவர் சொன்னதை அன்றே நான் எழுதி வைத்திருக்க வேண்டும். அவர் அதை எழுதியிருக்கமாட்டார்; எழுதத் தகுந்த ஒன்றைச் சொன்னோம் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. அச்சுத் திறனாய்வின் கடமை இங்கேதான் தொடங்குகிறது. பேச்சில் பிறந்ததை நூலோடு ஒப்பிட்டுச் சோதித்து, நிற்பதை நிறுத்தி, அதனை முதலில் சொன்னவருக்குக் கடன்பட்டிருப்பதையும் மறவாமல் எழுத வேண்டும்.

சங்கம் என்ற சொல்லுக்கே கூட்டம் என்பது பொருள். ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, ஒரு மணி நேரம், ஒரே ஒரு நூலைப் பற்றிப் பேச ஓர் அறையைத் திறந்து விடுங்கள். தலைமையுரை வேண்டா, முன்னிலை வேண்டா, பொன்னாடையும் வேண்டா. வருகிறவர் ஒவ்வொருவரும் அந்நூலைக் கையில் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். யாரேனும் 'எந்த இடத்தில்?' என்று கேட்டால் உடனே பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டுமல்லவா?