ஆபுத்திரனுக்கு ஆதிரை தேவைப்படவில்லை

மணிமேகலையில் உண்ண வருபவரிடம் ஊர், குலம், தகுதி எதுவும் விசாரிக்கப்படுவதில்லை. நிபந்தனையெல்லாம் கொடுப்பவளுக்குத்தான். அமுதசுரபி கையில் இருந்தும், கற்புடையவளான ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகே கணிகை மகளால் ஊருக்குச் சோறிட முடிகிறது. அதே பாத்திரத்தைச் சிந்தாதேவி மதுரையில் ஆபுத்திரனிடம் கொடுத்தபோது இப்படி எந்த முன்கட்டணமும் இல்லை. வாங்கினான், அன்றிரவே பசித்தவர்களுக்குப் பரிமாறினான்.

அதோடும் முடியவில்லை. உதயகுமரனிடமிருந்து தப்ப, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீயில் வெந்த காயசண்டிகையின் உருவத்தைப் பூண்டுதான் சிறைக்கோட்டத்தில் சோறிடுகிறாள். யாரும் விரும்பாத உடம்பு பாதுகாப்பு என்ற கணக்கு! அதுவும் பொய்த்தது. தன் மனைவியென்று நம்பிய காஞ்சனன் உதயகுமரனை வெட்டினான். சிறைக்குப் போனவள் மணிமேகலை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கக் கிளம்பிய என் மாணவிகளிடம், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று வீட்டில் கேட்டார்கள். அண்ணன், தம்பிகள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆதிரையின் கற்புச் சிறப்பை எழுதுக என்று வருடந்தோறும் வினா வருகிறது. ஆபுத்திரனுக்கு ஏன் ஓர் ஆதிரை தேவைப்படவில்லை என்று எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.