இரண்டு பெட்டிகள்: கனாவும் தறியும்

கொஞ்ச நாளாக மபூச்சே மக்களின் நெசவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிலி, அர்ஜென்டினா நாடுகளின் தென்பகுதியில் வாழும் பழங்குடிகள். அவர்கள் மொழியில் கனவுக்குப் பெயர் 'பெவ்மா'. 'நேத்து ஒரு கனா கண்டேன்' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிற சமாச்சாரம் இல்லை அது. காலையில் வீட்டாரிடம் சொல்வார்கள், கூடிப் பேசி அர்த்தம் பார்ப்பார்கள். 'மாச்சி' எனப்படும் மருத்துவப் பூசாரிக்கு அழைப்பு வருவதே கனவில்தான். நெசவைக் கற்றுக்கொடுத்தது ஒரு சிலந்திக் கிழவி என்பது அவர்கள் கதை. இன்றைய மபூச்சே கலைஞர்களும் இதை விட்டுவிடவில்லை. பிரான்சிஸ்கோ உய்ச்சாகேயோ 2011இல் எடுத்த ஒரு படத்தின் பெயரிலேயே பெவ்மா இருக்கிறது.

சரி, நம்ம கொங்குப் பக்கம் இப்படி ஏதாவது உண்டா என்று யோசித்தால், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைதான்.

சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்பார்கள். யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து, இந்தப் பொருளை வை என்கிறார். அவர் கோயிலுக்கு வந்து சொல்கிறார். சாமியிடம் பூக்கேட்டு உறுதி செய்துகொண்டு அந்தப் பொருளைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அடுத்த ஆளுக்குக் கனவு வரும்வரை அதுதான் இருக்கும். மஞ்சள், உப்பு, மண், துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்திருக்கிறது. தண்ணீர் வைத்த பிறகுதான் சுனாமி வந்தது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

பலித்ததா இல்லையா என்பது என் கேள்வியல்ல. இதில் இருக்கிற முறையைத்தான் பார்க்கிறேன். ஒருவர் தூக்கத்தில் கண்டது ஊருக்குப் பொதுவாகிறது. கண்டவர் யார், என்ன படித்தவர் என்று யாரும் கேட்பதில்லை. கனவு ஆசையாக வராமல் உத்தரவாக வருகிறது. பெவ்மாவுக்குத் தமிழில் ஒரு சொல் தேடினால், நான் 'உத்தரவு' என்றுதான் போடுவேன்.

அங்கிருந்து ரொம்ப தூரமில்லை சென்னிமலை. போர்வைக்கும் கைத்தறிக்கும் பேர்போன ஊர், கொடி காத்த குமரன் 1904இல் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஊர். டிசைன் போட்டு நெய்கிற தறியில் மேலே இன்னொரு பெட்டி இருக்கும், ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எந்த நூல் மேலே எழும்ப வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று சொல்லும். நெசவாளி மிதிக்கிறார், நாடா ஓடுகிறது, பூ விழுகிறது. அந்தப் பூவைக் கட்டம்போட்ட தாளில் வரைந்தவர் பெரும்பாலும் வேறொருவர். பாவும் ஊடையும் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வரும், கூலி நெய்தவருக்கு. இங்கேயும் உத்தரவு பெட்டியிலிருந்துதான் வருகிறது. ஆனால் அது நெய்கிறவருடைய கனா இல்லை.

நம் கலையும் இந்தப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டது என்பதுதான் என் வருத்தம். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் கனவு இருக்கிறது. மகளைப் பட்டுச்சேலையில் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்த வேங்கடம், பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து ரகசியமாக நெய்கிறான். கடைசியில் அரைகுறையாய் நின்ற அந்தத் துணி, இறந்த மகளின் உடம்பை மூடக்கூடப் போதவில்லை. பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயம்தான். அந்தக் காட்சியில் கலங்காதவர் குறைவு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் கனவு முழுக்க அந்தச் சேலையை உடுத்திப் பார்ப்பதைப் பற்றியது. முந்தானையில் என்ன வரவேண்டும், கரைக்கு எந்த நிறம் என்ற கேள்விகள் அவனுக்குள் எப்படி ஓடியிருக்கும்? படம் அந்தப் பக்கம் போகவில்லை. நெசவாளியின் வயிறும் கண்ணீரும் நமக்குத் தெரிகிற அளவுக்கு அவர் புத்தி தெரிவதில்லை.

நெசவாளிகளே சொல்லிக்கொள்ளும் கதை வேறு மாதிரி. கோவை ராஜவீதி சௌடேஸ்வரி அம்மன் கோயிலில், விஜயதசமியன்று தேவாங்கர்கள் மார்பில் கத்தி போட்டுக்கொண்டு அம்மனை அழைத்து வருவார்கள். அவர்களுடைய மூதாதை தேவலர், திருமாலின் நாபித் தாமரைத் தண்டிலிருந்து நூல் வாங்கி வந்து தேவர்களுக்கு ஆடை நெய்தவர். வழியில் மறித்த அசுரர்களை அம்மன் கொன்றாள், அவர்கள் ரத்தத்திலிருந்து சாய நிறங்கள் வந்தன. இதில் நெசவாளி கூலிக்காரர் இல்லை. நூலையும் நிறத்தையும் உலகத்துக்குக் கொண்டுவந்தவர்.

'கூலியே கட்டுபடியாகல, இதுல கனா வேறயா?' என்று ஒருவர் கேட்டால் நியாயம்தான். கூலி முதலில். கனவைப் பற்றிய பேச்சு கூலியை மறைக்கிற திரையாகிவிடக் கூடாது; கடைக்காரர்கள் அந்த வேலையை நன்றாகவே செய்கிறார்கள். மபூச்சேக்களும் கனவை மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை, நிலத்துக்காக இன்றும் போராடுகிறார்கள்.

ஆனாலும் இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவரிடம் 'ஒரு நாளைக்கு எவ்வளவுங்க கிடைக்கும்?' என்று எல்லாரும் கேட்கிறோம். அதோடு, 'அட்டை உங்க கையில இருந்தா என்ன பூ போடுவீங்க?' என்றும் கேட்கலாம். சிவன்மலையில் யார் கண்ட கனாவுக்கும் ஒரு பெட்டி திறந்திருக்கிறது. சென்னிமலையில் தறிக்கு மேலே இருக்கிற பெட்டிக்கும் அது பொருந்த வேண்டும்.