யார் கணக்கில் எழுதுவது?

ஜனவரி வந்தால் பொங்கல், புத்தகக் கண்காட்சி, அப்புறம் சாலைப் பாதுகாப்பு. முன்பெல்லாம் அது வாரமாக இருந்தது. இப்போது மாதமாகிவிட்டது. விழா நீண்டிருக்கிறது, சாவு குறையவில்லை.

எங்கள் ஏரியாவிலும் ஊர்வலம் போனது. ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள். கையில் 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' தட்டி. நல்ல வெயில். நடைபாதையை பைக்குகளும் பஜ்ஜிக் கடையும் பங்கு போட்டுக்கொண்டதால், பிள்ளைகள் நடுரோட்டில் நடந்தார்கள். சாலைப் பாதுகாப்பு ஊர்வலம் போவதற்கே பாதுகாப்பான சாலை இல்லை!

நான் ஸ்கூட்டரில் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். ஸ்ட்ராப் மாட்டவில்லை. வரிசையில் கடைசியாக வந்த பொடியன் திரும்பிப் பார்த்து, "அங்கிள், ஸ்ட்ராப்!" என்றான். அசட்டுச் சிரிப்புடன் மாட்டிக்கொண்டேன். ஆகவே, விழிப்பு உணர்வுப் பிரசாரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

என் பிரச்னை, அந்த ஊர்வலம் கடந்துபோன தெருமுனையில் இருக்கிறது. அங்கே ஒரு வேகத்தடை. ஒரே ராத்திரியில் முளைத்தது. பெயின்ட் கிடையாது, போர்டு கிடையாது, பக்கத்துத் தெருவிளக்கும் எரியாது. முதலை ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கிற மாதிரி இருக்கும். மறுநாள் ராத்திரி, வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்த எங்கள் எதிர்வீட்டு அக்கா தூக்கி எறியப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை.

வழக்குப் பதிவானது. எஃப்.ஐ.ஆரை வாங்கிப் படித்தேன். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வண்டியை ஓட்டி...' என்று போகிறது. அதாவது, மனைவியைக் காயப்படுத்திய குற்றவாளி, கணவர். வேகத்தடை என்ற வார்த்தையே அதில் இல்லை.

வேகத்தடைக்கென்று விதி இருக்கிறது. சாலைத் தரங்களை வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர் என்று அளவே சொல்லியிருக்கிறது. பளிச்சென்று கோடு போட வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டு மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கினேன்.

முதல் அலுவலகத்தில், "அந்த ரோடு எங்களுது இல்லையே சார்" என்றார்கள். இரண்டாவதில், "ரோடு எங்களுதுதான். ஆனா பிரேக்கர் வேணும்னு கேட்டது அவங்க" என்று மூன்றாவதைக் கை காட்டினார்கள். மூன்றாவதில், "கேட்டது நாங்கதான். போட்டது நாங்க இல்லையே! அப்புறம் லைட்டு வேற டிபார்ட்மென்ட் சார்" என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இரட்டைப் பதிவு முறைதான். எந்தப் பரிவர்த்தனைக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை. எங்கே எழுதுவதென்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைக்கலாம். ஆனால், வருஷக் கடைசிக்குள் ஆளைக் கண்டுபிடித்துத் தீர்க்காவிட்டால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார்.

நம் சாலை விபத்துகளை இன்னமும் ஒற்றைப் பதிவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். மொத்தப் பற்றும் ஓட்டியவர் தலையில்!

மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், சாவு எண்ணிக்கையில் இரண்டாமிடம். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் விஷயத்தில் காரணம் 'அதிவேகம்' என்று பதிவாகியிருக்கிறது. நம் ஆட்கள் பறப்பதில்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால், வளைவு சரியில்லாத ரோடும், எரியாத விளக்கும், இருட்டில் நிறுத்திய லாரியும் அந்த ஒரே வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறதே!

2024-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்றார் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. அந்த வருஷ டிசம்பரில் அவரே மக்களவையில், குறையவில்லை, கூடியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சர்வதேசக் கூட்டங்களில் விபத்துப் பேச்சு வந்தால் முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்றார். நேர்மையான பேச்சு. ஆனால், முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையைத் தரப்படி வடிவமைக்காமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் ஃபைன் எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். இந்தப் பிரிவு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதற்கு யாராவது தட்டி பிடித்து ஊர்வலம் போனார்களா?

எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வே சாட்சி. 2016-ல் அங்கே செத்தவர்கள் 151 பேர். அந்த வருஷம் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம், மகாராஷ்டிர சாலை மேம்பாட்டுக் கழகம், நெடுஞ்சாலை போலீஸ், மஹிந்திரா நிறுவனம் எல்லோரும் சேர்ந்து இறங்கினார்கள். ஒவ்வொரு விபத்தையும் 'ரோட்டில் என்ன குறை, வண்டியில் என்ன குறை, ஆளிடம் என்ன குறை, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது?' என்று பிரித்துப் பார்த்தார்கள். தடுப்புக் கம்பிகளைச் சரிசெய்தார்கள், ஓரத்தில் நின்ற லாரிகளைக் கிளப்பினார்கள், வேகத்தையும் பிடித்தார்கள். 2019-ல் சாவு 92. இன்னும் அதிகம்தான். ஆனால், அதே ரோடு, அதே டிரைவர்கள், 59 உயிர் மிச்சம்! இதுதான் இரட்டைப் பதிவு.

நம் பக்கத்துப் பற்றையும் மறைக்கக் கூடாது. 2022-ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின் சீட்டுக்காரர்கள். எதிர்வீட்டு அக்காவும் அன்றைக்கு ஹெல்மெட் போடவில்லை. அடி இடுப்போடு போனது அதிர்ஷ்டம். அதை அவர் கணக்கில் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால், அந்த மேட்டை யார் கணக்கில் எழுதப்போகிறீர்கள்?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுக்காரர் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கிவந்தார். நானும் தெருப் பையன்கள் இரண்டு பேரும் வண்டிகளைத் தள்ளிப்போகச் சொல்லிக் கை காட்ட, அவரே குனிந்து உட்கார்ந்து வேகத்தடைக்குக் கோடு போட்டார். ராத்திரியில் இப்போது நன்றாகத் தெரிகிறது.

அவர் மேல் போட்ட வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.